எஞ்சின் சொன்ன பெயர்

அத்தியாயம் 7

புதன்கிழமை காலை பத்து மணி. தென் லண்டனில் சட்டன் என்ற இடத்தில் ஒரு வைத்தியர் வீட்டு வாசலில் நின்ற பழைய மொறிஸ் மைனர் காரின் முன்னால், திறந்த பொனற்றுக்குள் துப்பறியும் அம்பலவாணன் இடுப்பு வரைக்கும் குனிந்து நின்றார். ஐந்து நிமிடமாக ஒரு சத்தமும் இல்லை. அவருடைய உதவியாளர் றோஸ்மலர் மதிலில் சாய்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டே, மனிதர் உள்ளேயே உறங்கிவிட்டாரோ என்று வைத்தியரிடம் கேட்டாள்.

அம்பலவாணன் உறங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக, மோதிய கார்களைப் பார்வையிட்டு யார் சொல்வது பொய் என்று அறிக்கை எழுதியவர் அவர். மனிதர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இரும்புக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது என்பது அவர் கொள்கை. லண்டனுக்கு வந்த பிறகு, ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக் கடையின் மாடியில் தனியார் விசாரணை என்று பலகை மாட்டிவிட்டு அதே தொழிலை மனிதர்களிடம் செய்து வருகிறார். காரைப் பற்றி இவ்வளவு தெரிந்தவரை இந்த நாட்டு ட்ரைவிங் டெஸ்ட் மட்டும் மூன்று தரம் கவிழ்த்துவிட்டது. ஆகவே சாரதியும் றோஸ்மலர்தான். பாசையூர்க்காரி, யாழ்ப்பாணத் தொலைபேசி நிலையத்தில் பதினெட்டு வருடம் ஊர்க்கதை கேட்ட காது, அந்தக் காதைவிட நீளமான வாய்.

இருவரையும் இந்த வாசலுக்குக் கொண்டுவந்தவள் தவநாயகி. மகளோடு சட்டனுக்கு அருகே மிச்சம் என்ற ஊரில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். திங்களும் வியாழனும் இந்த வைத்தியர் வீட்டுக்கு வந்து சமைத்துக் கொடுப்பாள். அவளும் மகளும் தொண்ணூற்றிரண்டில் லண்டன் வந்தார்கள். சுன்னாகத்தில் கராஜ் வைத்திருந்த கணவன் கனகலிங்கம், கராஜை ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருவதாக இருந்தது. அடுத்த வருடம் பங்குனியில் கிளாலிக் கரைக்குப் போய், போர் முற்றுகையிலிருந்து வெளியேறக் கடல்நீரேரியைத் தாண்டப் படகுக்குக் காத்து நின்றவரை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அவர் ஏறிய படகில் துப்பாக்கிச் சூடு விழுந்தது என்றார்கள் சிலர். அவர் ஏறவே இல்லை, கரையிலிருந்து திரும்பிவிட்டார் என்றார்கள் வேறு சிலர். உடலும் கிடைக்கவில்லை, கடிதமும் வரவில்லை. மூன்றரை வருடமாகத் தவநாயகி இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்ய யாரையும் விடவில்லை. நெற்றிப் பொட்டையும் எடுக்கவில்லை. சொந்தக்காரர் அவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயே சொன்னார்கள்.

இப்போது வரும் தை மாதம் மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழ் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். தகப்பன் பெயருக்கு முன்னால் திரு என்று போடுவதா, அமரர் என்று போடுவதா? ஒரே ஒரு சொல்தான். ஆனால் தவநாயகி மணவறையில் நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பாளா, பின்வரிசைக் கதிரையில் ஒதுங்கி இருப்பாளா என்பதை அந்தச் சொல்தான் தீர்மானிக்கும். கணவனின் தம்பி அமரர் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான், போன திங்கட்கிழமை, வைத்தியர் புதிதாகத் திருத்திய காரின் பொனற்றைத் திறந்து பெருமையோடு காட்ட, தவநாயகி உள்ளே ஒரு போத்தலைக் கண்டாள். மறுநாள் ஈஸ்ட் ஹாம் மாடிப்படி ஏறி வந்து, அம்பலவாணனின் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் போத்தல் கட்டியிருக்கிற கட்டு அவரின்ர கட்டு ஐயா. சைக்கிள் ரியூப்பால மூண்டு சுத்து, நாலாவதை உள்ளுக்க செருகிவிடுவார். ரியூப்பைக் கீலங்கீலமா வெட்டிக் குடுத்தது நான். எனக்கு மாறாது."

அம்பலவாணன் இப்போது பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் போத்தலைத்தான். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற போத்தல், தலைகீழாக. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று எஞ்சினுக்குள் போனது. குழாயின் நடுவில் துளித்துளியாக விடுவதற்கு ஒரு சிறு திருகு. போத்தலைச் சுற்றிக் கறுப்பு ரியூப் மூன்று சுற்று, நாலாவது நுனி உள்ளே செருகல். தவநாயகி சொன்னதில் ஒரு நூல் பிசகவில்லை.

வைத்தியர் பத்ரிநாராயணன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்து முப்பது வருடம் இங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தப் போத்தலைக் கண்ணாடி கழுவுகிற தண்ணீர் என்று நினைத்து இரண்டு தடவை சவர்க்காரத் தண்ணீர் ஊற்றியிருப்பதாக வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். திருகு மூடியிருந்ததால் கார் பிழைத்தது. இல்லாவிட்டால் சட்டன் வீதியெல்லாம் நுரை கக்கிக்கொண்டு போயிருக்கும், கவுன்சில்காரர் வந்து நன்றி சொல்லியிருப்பார்கள் என்றாள் றோஸ்மலர்.

அம்பலவாணன் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். தொண்ணூறுக்குப் பிறகு போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. ஊர் முழுக்க மண்ணெண்ணெயில் கார் ஓட்டியது. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், ஆனால் ஆறிக் கிடந்தால் ஸ்டார்ட் வராது. அதற்காக எங்கோ ஒளித்து வைத்த பெற்றோலை இப்படி ஒரு போத்தலில் விட்டு, நாலு துளி உள்ளே சொட்டவிட்டு உயிர் கொடுத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். லண்டனில் சந்திக்குச் சந்தி பெற்றோல் இருக்கிறது. இந்த நாட்டில் இந்தப் போத்தலை ஒருவன் கட்டுகிறான் என்றால் அவன் அந்த வருடங்களில் அங்கே எஞ்சினோடு பாடுபட்டவன். கட்டிய விதம் ஒரே ஒருவருடையது.

"அப்ப அந்தம்மாவோட புருஷன் உயிரோட இருக்காரா?" என்று கேட்டார் வைத்தியர்.

அம்பலவாணனின் முகமே பதில் சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் எழுதிய அறிக்கைகளெல்லாம் ஏதோ ஒன்று நொறுங்கியதைப் பற்றியவை. ஒன்று நொறுங்காமல் கிடைக்கப் போகிறது என்று எழுதும் வாய்ப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் அவர் மேற்கொண்டு கூர்ந்து பார்க்க மறந்துவிட்டார்.

காரின் கதையை வைத்தியர் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மனைவி லலிதாவுக்காக வாங்கியது, மேல்கூரையை மடித்துவிடக்கூடிய வகை. எண்பத்து மூன்றில் லலிதா இறந்துபோனதும் தோட்டத்து மூலையில் பிளாஸ்டிக் சீலையால் மூடி வைத்தார். பன்னிரண்டு வருட மழையில் கூரைத் துணி கந்தலாகி, எஞ்சின் இறுகி, ஆசனத்துக்குள் எலி குட்டி போட்டது. போன வருடம் ஓய்வு பெற்றபோதுதான் அதைத் திரும்பிப் பார்க்க மனம் வந்தது. ஃபொறெஸ்ட் கேற் ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கராஜில் விட்டார். அவர்கள் எங்கோ உடைக்கப் போட்ட ஒரு வான் வண்டியிலிருந்து எஞ்சினைக் கழற்றி இதில் மாட்டி, புதுக் கூரையும் போட்டுக் கொடுத்தார்கள்.

"கூரையை மடிச்சா லலிதா முந்தானையைப் பல்லால கடிச்சுண்டு உக்காந்திருப்பா. பேசவே மாட்டா. இப்ப புதுக் கூரை போட்டாச்சு, இன்னும் ஒரு தடவைகூட நான் மடிக்கலை," என்றார் பத்ரிநாராயணன்.

இதற்கு றோஸ்மலர் ஏதாவது சொல்லுவாள் என்று அம்பலவாணன் எதிர்பார்த்தார். அவள் காருக்குள் ஏறிப் பின் ஆசனத்தில் இருந்தபடி தலைக்கு மேலே கூரையின் உட்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். வளைவுக் கம்பிகளில் துணி பிணைக்கப்பட்ட இடங்களில் அவள் விரல் ஒவ்வொன்றாக நின்று நின்று போனது. இறங்கி வந்தபோது கச்சான் பையைக் கசக்கிக் கைப்பைக்குள் போட்டாள். பை பாதிகூடக் காலியாகவில்லை.

ஃபொறெஸ்ட் கேற் போகும் வரைக்கும் அவள் பேசவில்லை. எதிரே வந்த பஸ் சாரதி இடம் தராமல் முன்னால் வந்தபோதும் அவனுடைய வம்சத்தை விசாரிக்கவில்லை. அம்பலவாணன்தான் பேசிக்கொண்டு வந்தார். கனகலிங்கம் உயிரோடு இருந்தும் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்பதற்கு அவரிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன: விலாசம் தொலைந்திருக்கலாம், தலையில் அடிபட்டு நினைவு தவறியிருக்கலாம், குடிவரவைப் பார்க்கிற ஹோம் ஒபிஸுக்குப் பயந்து ஒளிந்திருக்கலாம். மூன்றுமே நல்ல காரணங்கள் என்று அவரே தலையாட்டிக்கொண்டார்.

கராஜ் முதலாளி டெரெக் தடித்த, நல்ல சுபாவமுள்ள வெள்ளைக்காரர். போத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் தலையில் கைவைத்தார். அவரிடம் வேலை செய்கிற ஒருவன் எந்த எஞ்சினைத் தொட்டாலும் அந்தப் போத்தலைக் கட்டிவிடுகிறானாம். இது லண்டன், வேண்டாம் என்று சொல்லிக் கழற்றினால் ஓம் ஓம் என்பானாம், அடுத்த எஞ்சினில் மறுபடியும் இருக்குமாம். மொறிஸ் மைனர் போன அன்று டெரெக் விடுமுறையில் இருந்ததால் அது தப்பிவிட்டது. மற்றபடி தங்கமான வேலைக்காரன். எஞ்சினை மாற்றியது, கூரைக் கம்பிகளை நிமிர்த்தியது, துணி வெட்டித் தைத்தது எல்லாம் அவன் ஒருவனே. தைத்த கூரையே கடையில் வருகிறது, வாங்கலாம் என்று சொல்லியும் கேட்காமல் மூன்று வாரம் கையாலேயே தைத்தானாம்.

பெயர் என்ன என்று அம்பலவாணன் கேட்டார்.

டெரெக் வேலையாட்களின் புத்தகத்தைப் புரட்டி, எண்ணெய்க் கறை படிந்த விரலை ஒரு வரியில் வைத்தார். எஸ். கனகலிங்கம். பிறந்த திகதி, ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தேழு, ஓகஸ்ட் பதினாலு.

தவநாயகி எழுதிக் கொடுத்த துண்டை அம்பலவாணன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதே திகதி. அவர் அப்படியே ஒரு பழைய டயரின் மேல் இருந்துவிட்டார். இன்றைக்கு அவனுக்கு லீவு என்று டெரெக் விலாசத்தை எழுதிக்கொடுத்தார். நாற்பத்தொன்பது வயது என்று அவனுடைய ஹோம் ஒபிஸ் கடிதம் சொல்கிறது, பார்த்தால் முப்பத்தைந்துதான் மதிக்கலாம், உங்கள் ஆட்கள் என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று சிரித்தார். முருங்கைக்காய் என்றார் அம்பலவாணன். அவரும் சிரித்தார்.

பிறகு, ஒரு துப்பறிபவர் செய்யவே கூடாத வேலையைச் செய்தார். டெரெக்கின் தொலைபேசியை எடுத்துத் தவநாயகியை அழைத்தார். றோஸ்மலர் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டார்.

"அம்மா, பேரும் திகதியும் சரியாக் கிடக்குது. பின்னேரம் ஆளோட வாறன்," என்றார்.

வெடித்து அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"சாப்பிட்டவராமோ?" என்று கேட்டாள். பிறகு, "நான் சமைக்கிறன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

காரில் ஏறியதும் றோஸ்மலர் சாவியைப் போட்டாள், ஆனால் திருப்பவில்லை. இரண்டு கையையும் ஸ்டியறிங் மேல் வைத்து அதன்மேல் நெற்றியை வைத்தாள்.

"அண்ணை, அவசரப்பட்டிட்டீங்கள்," என்றாள்.

"என்ன அவசரம்? எஞ்சின் சொல்லுது, புத்தகம் சொல்லுது. இன்னும் ஆர் சொல்லவேணும்?"

"கூரை சொல்லேல்லை."

அவர் அவளைப் பார்த்தார்.

"கூரையில கட்டுக் கட்டா நூல் முடிஞ்சிருக்கு. ஒவ்வொரு முடிச்சும் வலை முடிச்சு அண்ணை. என்ர அப்பு சாகும்வரை கரையில இருந்து வலை பொத்தினவர். எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். சுன்னாகத்துக் கராஜ்காரன் கனவிலயும் அப்பிடி முடிய மாட்டான். அது கடல்காரன்ர கை."

கூரையையும் எஞ்சினையும் ஒருவனே செய்தான் என்று டெரெக் சொன்னது இப்போதுதான் அம்பலவாணனின் காதில் சரியாக விழுந்தது. முப்பத்தைந்து மதிக்கலாம் என்றதும் விழுந்தது. அவர் முருங்கைக்காய் என்று பகிடி விட்டதும் நினைவு வந்தது.

"ஏன் நீர் அங்கேயே சொல்லேல்லை?"

"எனக்கும் நிச்சயமில்லை. ரெண்டு பேர் செய்த வேலையா இருக்கலாம் எண்டு நினைச்சன். பிறகு, உங்கட முகத்தைப் பாக்க வாய் வரேல்லை. நாலு வருசத்தில நீங்கள் சிரிச்சுக்கொண்டு காருக்குள்ள இருந்ததை நான் இண்டைக்குத்தான் கண்டனான்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தான் நோகும். இங்கே மிச்சம் பகுதியில் ஒரு பெண் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். அம்பலவாணனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

விலாசம் பிளாஷெட் பூங்காவுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மேல் அறை. கதவைத் திறந்தவனுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. அகலத் தோள், வெயிலும் உப்பும் பட்டுத் தடித்த கை. சுவரில் ஒரு மாதா படம். அம்பலவாணன் கனகலிங்கம் என்று கூப்பிட்டார். அவன் தயங்காமல் ஓம் என்றான். அந்தப் பெயருக்கு அவ்வளவு பழகியிருந்தான்.

றோஸ்மலர் கடல்காரர் ஊர்கள் இரண்டைச் சொல்லி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"தம்பி பாசையூரோ, குருநகரோ?"

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு கட்டிலின் ஓரத்தில் மெல்ல இருந்தான்.

"குருநகர், அக்கா," என்றான். "என்ர பேர் எட்வேட்."

யார் அனுப்பினார்கள் என்று அவன் கேட்கவில்லை. லண்டன் வந்த நாளிலிருந்தே இந்தக் கதவு தட்டப்படுவதற்கு அவன் காத்திருந்தது போலிருந்தது. கேட்காமலே சொல்லத் தொடங்கினான்.

கிளாலியில் படகு ஓட்டியவன் அவன். கனகலிங்கம் இடம் கிடைக்காமல் கரையில் இரண்டு நாள் நின்றார். சும்மா நிற்கத் தெரியாத மனிதர். கரையில் கிடந்த படகு எஞ்சின்களுக்கெல்லாம் போத்தல் கட்டிக் கொடுத்தார். எட்வேட்டின் எஞ்சினுக்குக் கட்டும்போது, மூன்று சுற்று, நாலாவதை உள்ளே விடு, அவிழாது என்று கையைப் பிடித்துக் காட்டினார். கூலியாகத்தான் அவரை ஏற்றிக்கொண்டான். விடிகிற நேரம் நடு நீரில் எஞ்சின் நின்றுவிட்டது. கனகலிங்கம் ஆட்களைத் தாண்டிப் பின்னால் வந்து, எட்வேட்டைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, போத்தலின் திருகைத் திறந்து கயிற்றை இழுத்தார். அப்போது சூடு விழுந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது.

"நான் இருக்கவேண்டிய இடம் ஐயா அது," என்றான் எட்வேட். "எஞ்சினுக்கு முன்னால ஓட்டிதான் இருக்கவேணும். அவர் என்னைத் தள்ளிப்போட்டு இருந்தவர்."

மற்ற எல்லோரும் படகின் அடித்தட்டில் படுத்துத் தப்பிவிட்டார்கள். எட்வேட் ஒரு பலகையால் வலித்து அக்கரை சேர்த்தான். ஏறியவர்கள் கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். யாரும் யாருடைய பெயரும் கேட்கவில்லை. கனகலிங்கத்தை அவன் தனியாகத் தூக்கிப் போய் பனை வடலிகளுக்குக் கீழே மணலில் குழி தோண்டித் தாட்டான். அவர்களுடைய தேவாரம் அவனுக்குத் தெரியாது. தெரிந்த செபத்தைச் சொன்னான். அவருடைய பையில் பிளாஸ்டிக்கால் சுற்றிய பாஸ்போட் ஒன்றும், தவநாயகியின் மிச்சம் வீட்டு விலாசம் எழுதிய தாள் ஒன்றும் இருந்தன. அதன்பிறகு அவனால் கடலில் இறங்க முடியவில்லை. கொழும்பில் ஒரு ஏஜென்ட் அந்தப் பாஸ்போட்டில் படத்தை மாற்றிக் கொடுத்தான்.

"அவர் வரவேண்டிய ஊருக்கு அவரின்ர பேரில நான் வந்திட்டன். முதல் கிழமையே சொல்லுவம் எண்டு அவரின்ர மனுசியின்ர வீட்டடிக்குப் போனனான். பஸ்ஸுக்கு நிண்டவ. நெத்தியில இவ்வளவு பெரிய பொட்டு. நான் வாயைத் திறந்தால் அது போயிடும். திரும்பி வந்திட்டன். பிறகும் மூண்டு தரம் போனனான்."

போத்தலைப் பற்றி அம்பலவாணன் கேட்டார். எட்வேட் தன் கைகளைப் பார்த்தான். அன்றைக்கு எஞ்சின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் வந்திருந்தால் அந்த மனிதர் எழுந்து முன்னால் போயிருப்பார் என்றான். அதற்குப் பிறகு எந்த எஞ்சினையும் போத்தல் கட்டாமல் விட அவனுடைய கை கேட்பதில்லை. அது பிழை என்று தெரியும். தெரிந்தும் கட்டுகிறான்.

றோஸ்மலர் யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அம்பலவாணன் அறிக்கை எழுதும் கொப்பியைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தார். தவநாயகி சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். தானே தனியாகப் போய்ச் செய்தியைச் சொல்வதாகவும், அவன் வரத் தேவையில்லை என்றும் சொன்னார். அவனைக் கோழை என்று நினைத்தல்ல, அவனுக்கும் ஹோம் ஒபிஸ் பயம் இருக்கும் என்று எண்ணித்தான் சொன்னார்.

"இல்லை ஐயா. நான்தான் சொல்லவேணும்," என்று எட்வேட் எழுந்து சட்டை மாற்றினான்.

மிச்சம் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. மழை தொடங்கியிருந்தது. தவநாயகி முதல் தட்டலிலேயே கதவைத் திறந்தாள். தலை வாரி, தோய்த்த சேலை உடுத்திருந்தாள். வீடு முழுக்கப் பொரித்த மிளகாயும் தேங்காய்ப் பாலும் மணந்தன. அவள் அம்பலவாணனைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற எட்வேட்டைப் பார்த்தாள். எட்வேட்டுக்குப் பின்னாலும் பார்த்தாள். படியில் வேறு யாரும் ஏறி வரவில்லை.

அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது என்று அம்பலவாணன் நினைத்தார். ஆனாலும் அவள் உள்ளே வரச்சொல்லி, கதிரை இழுத்துப் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு எட்வேட் சொன்னது முழுவதையும் கேட்டாள். ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"கன நேரம் கிடந்தவரோ?"

"இல்லை அக்கா. எஞ்சின் மேலயே சாஞ்சிட்டார். கயிறு கையிலதான் இருந்தது."

"மண் ஆர் போட்டது?"

"நான்தான்."

அவள் தலையாட்டினாள். மகள் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தவநாயகி எழுந்துபோய் அவளைக் கட்டிப் பிடித்து, முதுகைத் தடவி, அவள் அழுகை அடங்கும் மட்டும் நின்றாள். பிறகு, சித்தப்பா எழுதித் தந்தபடியே அழைப்பிதழ் அடிக்கட்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மூன்றரை வருடம் ஊரையே எதிர்த்து நின்றவள் அந்த ஒரு வரியோடு விட்டுவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்க அம்பலவாணனால் முடியவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த ஃபோனை எடுத்திருக்கக் கூடாது என்றார்.

"பரவாயில்லை ஐயா. ஆறு மணித்தியாலம் அவர் இருந்தவர்தானே," என்றாள் தவநாயகி.

எட்வேட் உட்பையிலிருந்து பாஸ்போட்டையும் ஹோம் ஒபிஸ் கடிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தான். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிப் பெயரைத் திருப்பிக் கொடுக்கப்போவதாகவும், அவர்கள் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும் என்றும் சொன்னான். தவநாயகி பாஸ்போட்டைத் திறந்து பார்த்தாள். கணவனின் பெயர், கணவன் பிறந்த நாள், கணவனின் ஊர், இவனுடைய முகம். வெகுநேரம் பார்த்துவிட்டு மூடி, அவன் பக்கமே தள்ளி வைத்தாள்.

"சாப்பாடு கிடக்குது. முதல்ல சாப்பிடுங்கோ," என்றாள்.

யாருக்காகச் சமைத்தாளோ அந்தச் சாப்பாட்டை எட்வேட் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவள் பக்கத்தில் நின்று கறி விட்டாள். போதும் என்று அவன் கையால் மறைத்தபோதும் இன்னும் ஒரு அகப்பை விட்டாள். றோஸ்மலர் தன் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விடைபெற்றார்கள். எட்வேட் முதலில் படி இறங்கினான். பின்னால் அம்பலவாணனும் றோஸ்மலரும் இறங்கினார்கள். பாதிப் படியில் மேலேயிருந்து குரல் கேட்டது.

"கனகலிங்கம்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இருபத்திநாலு வருடத்தில் தவநாயகி அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவர் பக்கத்தில் இருந்தபோதும் சொன்னதில்லை, அம்பலவாணனிடம் வந்தபோதும் தாளில்தான் எழுதிக் கொடுத்தாள். இப்போது சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

எட்வேட் நின்றான். திரும்பி மேலே பார்த்தான்.

"என்ன அக்கா?"

"மழை பெய்யுது," என்றாள் தவநாயகி. கையில் ஒரு குடை வைத்திருந்தாள். "நனையாமல் போங்கோ."

அவன் படியேறிப் போய் அதை வாங்கிக்கொண்டான்.